தாய்மாமன் சீரில் போன பேஸ் கித்தார்

பேஸ் கித்தார் வாசிக்கிறவன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. பாடகரிடம் கொடுக்கலாம், அவருக்குப் பழக்கம். தபலாக்காரரிடம் கொடுத்தால் 'செக், செக்' என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். பேஸ்காரன் அப்படியில்லை. வருஷக்கணக்கில் மேடை மூலையில், ஸ்பீக்கர் பெட்டிக்கும் திரைச்சீலைக்கும் நடுவில், யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் நின்று நின்று ஊறிப்போனவன். அவனிடம் போய் மைக்கை நீட்டி "இது என்னங்க?" என்று கேட்டால் அணை உடையும். எனக்கு உடைந்தது. கேட்டவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இதை எழுதுவதே கொஞ்சமாவது தீருமா என்று பார்க்கத்தான்.

பேஸ் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். (பார்த்தீர்களா, கேட்காமலே ஆரம்பித்துவிட்டேன்.) பார்க்கக் கித்தார் மாதிரி இருக்கும், கொஞ்சம் நீளம். நாலே கம்பி, நாலும் தடி. அதன் சத்தம் காதுக்கு வராது, நேராக நெஞ்சுக்கூட்டுக்குப் போகும். பாட்டு நடந்து போகிற தரை அது. காப்பி பூத்தால் எஸ்டேட் முழுக்க வெள்ளையாக இருக்கிறது என்று போட்டோ எடுக்கிறார்கள். செடிக்கு அடியில் ஈரத்தோடு, இருட்டோடு, மூச்சுவிட்டுக்கொண்டு கிடக்கிற மண்ணை எவனாவது போட்டோ எடுத்தானா? எங்கள் செட்டில் அந்த மண் நான்தான்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு மெடிக்கல் ஷாப். வாரநாளில் இருமல் மருந்தும் தலைவலி மாத்திரையும். முகூர்த்த நாளில் மிளகுக்கொடி ஆர்கெஸ்ட்ராவில் பேஸ். மிளகுக்கொடியின் ஓனர், கீபோர்டு, பஞ்சாயத்துத் தலைவர் எல்லாம் டேனியல். கல்யாணம், திருவிழா, எஸ்டேட் ஆயுத பூஜை என்று சேர்வராயன் மலையில் நாங்கள் வாசிக்காத பந்தல் கிடையாது. எங்கேயும் பந்தி போடும்போது கடைசியாகத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். "அட, நீங்களும் பாட்டுப் பார்ட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இலை போடுவார்கள். நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. பேஸ் வாங்கிக்கொண்டே இருந்தேன். அந்தச் சமயத்தில் எங்கள் ஊட்டில் ஐந்து இருந்தன. மலையில் பேஸ் வைத்திருப்பது கறவை மாடு வைத்திருப்பதைவிடக் கஷ்டம். ஜூன் பிறந்துவிட்டால் பனிமூட்டம் ஜன்னல் இடுக்கில் புகுந்து, சுவரில் வழிந்து, மரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கித்தாரின் கழுத்து மெல்ல வளைய ஆரம்பிக்கும். அதனால் ஒன்றை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பேன், ஒன்றைக் கட்டிலுக்கு அடியில், ஒன்றை பீரோவுக்குள் பல்பு எரியவிட்டு. என் மனைவி செல்வி ஒருநாள் பீரோவைத் திறந்துவிட்டு, "ஏனுங்க, இதுக்குத் தாய்ப்பால் ஏதாச்சும் குடுக்கோணுமா?" என்றாள். பீரோவைச் சாத்தினேன். பெரிய காரியம் செய்கிறவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஐந்தில் ஒன்று ஜப்பானில் செய்தது. நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகத் தணலில் சுட்ட அப்பளம் மாதிரி கருஞ்சிவப்பு. கோலார் தங்கவயலில் ஒரு ஊட்டுப் பரணில் கிடந்ததை, சொல்லக் கேட்டு, தேடிப் போய், அவர்களிடம் மன்றாடி வாங்கி வந்தேன். அதன் கீழ்க்கம்பியை மெல்லத் தட்டினால் எஸ்டேட் லாரி தூரத்து வளைவில் கியர் மாற்றுகிற மாதிரி ஒரு முனகல், பிறகு அந்த முனகல் கரைகிற அழகு. மழைக்காலத்தில் அதை வெளியே எடுத்தால் பெட்டியின் மேலே செல்வியின் கல்யாணக் கூரைப்புடவையைச் சுற்றித்தான் எடுப்பேன். பழம்பட்டு ஈரத்தை உள்ளே விடாது என்பது என் கண்டுபிடிப்பு. (செல்விக்கு இந்தக் கண்டுபிடிப்பு அதுவரை தெரியாது.)

அந்த நாளுக்கு வருகிறேன்.

வெள்ளக்கடையில் ஒரு காதுகுத்து. குழந்தை பெயர் தாரணி. காலையில் சேர்வராயன் கோயிலில் மொட்டை, பிறகு ஊட்டு வாசலில் பந்தல் போட்டுக் காதுகுத்து, சாப்பாடு, மிளகுக்கொடியின் இன்னிசை. குழந்தையின் தாய்மாமன் பழனி எனக்கு நன்றாகத் தெரிந்தவன்; மஞ்சக்குட்டைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவன். கையைப் பிடித்துக் கேட்டான், அண்ணா அன்னைக்காவது கொஞ்சம் நல்லா வாசிங்க, தங்கச்சி ஊட்டு மனுசங்க ஒரு மாதிரி, எங்க பக்கத்தை எளப்பமாப் பாப்பாங்க என்று. ஜப்பானை எடுத்துவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் பெருந்தன்மை அங்கேதான் என்னைக் கவிழ்க்க ஆரம்பித்தது.

ஆர்கெஸ்ட்ரா வேனில் ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வரும். ஜப்பானை அதில் ஏற்ற மனசு வரவில்லை. எனக்கு ஸ்கூட்டர், தூறலோ விட்டு விட்டு விழுகிறது. பழனி ஜீப்பில் சீர்த்தட்டுகளோடு காலையிலேயே கிளம்புகிறான் என்றதும், பட்டுச் சுற்றிய பெட்டியை அவனிடம் கொடுத்தேன். ஜீப்பில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது, கண்ணிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"உசுரா பாத்துக்கறனுங்கண்ணா" என்றான்.

பார்த்துக்கொண்டான். அதுதான் வினை.

வெள்ளக்கடையில் அந்த ஊட்டுக்குக் கடைசி ஏற்றம் ஜீப் ஏறாது. தாய்மாமன் சீர் அங்கிருந்து மேளத்தோடு ஊர்வலமாகத்தான் போக வேண்டும். உறவுப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு எடுத்தார்கள்: தேங்காய், பழம், வெல்லம், குழந்தைக்குப் பாவாடை, தம்மாத்துண்டு தோடு. பழனி யோசித்திருக்கிறான். அண்ணன் தனியாக விடக் கூடாது என்றாரே. பட்டுச் சுற்றிய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடந்தான், சாமி சப்பரம் தூக்குகிறவன் மாதிரி. வாசலில் ஆரத்தி எடுத்த அம்மணிகள் ஒவ்வொரு தட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்து, என் பெட்டிக்கும் வைத்து, சபையில் விரித்திருந்த ஜமுக்காளத்தில் மற்றத் தட்டுகளோடு வரிசையாக வைத்துவிட்டார்கள்.

நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பந்தலுக்குள் வந்தபோது நடந்துகொண்டிருந்தது வேறு. குழந்தையின் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சாந்தாமணி, சேலத்திலிருந்து வேன் வைத்துச் சீர் கொண்டுவந்திருந்தார். ஃப்ரிட்ஜை நாலு பேர் தூக்கி வந்தார்கள். பின்னால் பீரோ. அதன் பின்னால் மூன்று வயசுக் குழந்தைக்கு எட்டாம் வகுப்பில் ஓட்டத் தோதான சைக்கிள். அத்தை சீர் எப்போதும் தாய்மாமன் சீருக்கு ஒரு படி கீழேதான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அம்மணி அந்த வழக்கத்தின் மேல் வேனையே ஏற்றி இடித்துவிட்டார். குழந்தையின் பெரியப்பா மைக்கில் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, சனம் திரும்பிப் பழனியின் தட்டுகளைப் பார்த்தது. பழனி ஜமுக்காளத்தின் கோடுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அடுத்து, தாய்மாமன் சீருங்க" என்றார் பெரியப்பா. பழம் வாசித்தார். வெல்லம் வாசித்தார். பாவாடையைத் தூக்கிக் காட்டினார். பிறகு, "பட்டுச்சேலை ஒண்ணு" என்று என் மனைவியின் கூரைப்புடவையை உருவினார். பிறகு பெட்டியைத் திறந்தார்.

நல்ல வெளிச்சமே இல்லாத மதியம் அது. பந்தலுக்குள் மூட்டம் புகை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் ஜப்பான் தேன் குடம் கவிழ்ந்த மாதிரி கிடந்தது. பந்தல் முழுக்க ஒரு 'ஹா'. எனக்கும் உள்ளே ஒரு 'ஹா'. அது வேறு 'ஹா'.

முன்னே பாய்ந்தேன். இப்போதும் சொல்கிறேன், என் பொருள் என்று சொல்லத்தான் பாய்ந்தேன். பழனியும் வாயைத் திறந்தான். அதற்குள் பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

"அட, நம்ம மெடிக்கல்காரர். இவரு இதுல பெரிய கை. ஏனுங்க, இது என்ன கித்தாருங்க? நம்ம சனத்துக்குக் கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க" என்று மைக்கை என் வாயில் திணித்தார்.

அணை உடைந்தது.

அது கித்தார் இல்லை, பேஸ் என்று ஆரம்பித்தேன். ஜப்பான் என்றேன். மரத்தைப் பற்றிச் சொன்னேன், மரம் காய்கிற விதத்தைச் சொன்னேன். இந்த மாதிரி ஒன்று சேலம் ஜில்லாவிலேயே கிடையாது என்றேன். ஃப்ரிட்ஜ் நாலு வருஷத்தில் கேஸ் போய்ப் படுத்துவிடும், பீரோ துருப்பிடிக்கும், இது பழசாகப் பழசாகத்தான் மதிப்பு கூடும் என்றேன். (சாந்தாமணி அம்மணியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள்.) இது சும்மா கடையில் கிடைக்காது, இதை வருஷக்கணக்காகத் தேடி அலைந்து, ஊர் ஊராகப் போய், காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வாங்கிய மனுசனுக்குத்தான் இதன் அருமை தெரியும் என்று தழுதழுத்தேன்.

சனம் மொத்தமும் திரும்பிப் பழனியைப் பார்த்துக் கைதட்டியது.

எத்தனை வருஷமாக நான் வாங்காத கைதட்டல் தெரியுமா அது? என் வாயிலிருந்து வந்து, என் தலைக்கு மேலே பறந்து, நேராக ஒரு ஜீப் டிரைவர் மடியில் போய் விழுந்தது. அப்போதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. "ஆனா, இதுல ஒரு விஷயம் என்னன்னா…" என்று இழுத்தேன். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்திருந்தார்கள். ஆசாரி நல்ல நேரம் போகிறது என்று ஊசியை எடுத்தார். குத்தினார். தாரணி வீரிட்டாள். அழுகை கேட்கக் கூடாது என்று மேளக்காரர்கள் கொட்டித் தள்ளினார்கள். என் 'என்னன்னா' அந்தக் கொட்டுக்குள் செத்துப்போனது. பெரியப்பா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

மேளம் நின்ற பிறகு சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பழனியைப் பார்த்துத் தொலைத்தேன். அழுகிற குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதுகு நிமிர்ந்திருந்தது. தங்கை ஊட்டுப் பெரியவர் ஒருத்தர் வந்து அவன் தோளில் கைவைத்து ஏதோ சொன்னார். பழனி என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். 'நீங்க சொன்னாச் சொல்லிருங்கண்ணா' என்கிற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு மனுசனிடம் வழிப்பறியே செய்யலாம். நான் வாயை மூடிக்கொண்டு மேடைக்குப் போனேன்.

டேனியல் பேஸ் எங்கே என்றார். ஜமுக்காளத்தைக் காட்டினேன். குழந்தைகள் அதன் கம்பியில் வெல்லம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். டேனியல் விவரம் கேட்டுவிட்டு, கீபோர்டுக்குப் பின்னால் குனிந்து சிரித்து முடித்து, "விடு, பேஸை இடது கையால கீபோர்டுலயே போட்டுக்கறேன்" என்றார். குலுக்கினால் சலசலக்கிற டப்பா ஒன்றை என் கையில் கொடுத்தார். முழுக் கச்சேரிக்கும் அதைக் குலுக்கினேன். மிளகுக்கொடியின் சரித்திரத்தில் பேஸ் இல்லாமல் நடந்த ஒரே கச்சேரி. பாட்டு அந்தரத்தில் தொங்கும், கால் இல்லாத நாற்காலி மாதிரி ஆடும், சனம் முகம் சுளிக்கும் என்று காத்திருந்தேன். ஆடினார்கள். விசில் அடித்தார்கள். முடிந்ததும் சவுண்டு செட்காரர் தேடிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"இன்னைக்குத்தானுங்க உங்க பேஸு கரெக்டா செட் ஆச்சு. இப்படியே வெச்சுக்குங்க."

இந்த நாட்டில் நீதி இல்லை.

கிளம்பும்போது பழனி ஜீப்புக்குப் பின்னால் என்னைப் பிடித்தான். நான் சொல்லீர்லாம்னுதான் வாயைத் திறந்தேன், அதுக்குள்ள நீங்க பேச ஆரம்பிச்சுட்டீங்க என்றான். அந்த நாக்கை அங்கேயே அறுத்திருப்பேன். துரதிர்ஷ்டவசமாக எனக்கு ஒன்றுதான் இருந்தது. நாளைக்கே தங்கச்சியிடம் சொல்லி எடுத்து வந்துவிடுகிறேன் என்றவன், அதைச் சொல்லும்போதே மறுபடியும் தரையில் கோடு தேட ஆரம்பித்தான். "அவசரமில்ல பழனி" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். கேட்டதும் எனக்கே ஆத்திரமாக வந்தது.

ஊட்டுக்கு வெறுங்கையோடு வந்தேன். பேஸ் போனதைச் சொன்னபோது செல்வி சிரித்தாள். அது எதில் சுற்றிப் போனது என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. அதற்கு அப்புறம் நடந்ததை எழுதினால் கட்டுரையின் சுவை கெடும். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊட்டில் ரசம் மட்டும்தான் என்று சொல்லிவைக்கிறேன்.

அடுத்த வாரம் கடைக்குப் பழனியின் தங்கை கோகிலா வந்தாள். தனியாக, நீளப் பெட்டியை இழுத்துக்கொண்டு. செல்வியும் அப்போது கடையில் இருந்தாள்.

"எங்கண்ணன் ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள் கோகிலா. "எனக்கு அன்னைக்கே தெரியும். எங்கண்ணன் ஊட்டுல இப்படி ஒரு பட்டு கெடையாதுங்க. அது கட்டிப் பழகுன சேலைன்னு மடிப்பப் பாத்தாலே தெரியாதுங்களா. பெட்டி யாருதுன்னு நீங்க மைக்குல பேசுன பேச்சுலயே தெரிஞ்சுபோச்சுங்க."

அப்புறம் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று நியாயம் கேட்டேன்.

"சபைல சொன்னா எங்கண்ணன் தலைய எங்கீங்க கொண்டுபோயி வெச்சுக்கும்?"

சேலையை மடித்துச் செல்வியிடம் கொடுத்தாள். கட்டின சேலை சீரில் சேராது, அதனால் திருப்பித் தந்தால் தோஷமில்லை என்றாள். பெண்கள் இருவரும் ரெண்டே நிமிஷத்தில் அக்கா, தங்கச்சி ஆகிவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. பெட்டியை நோக்கிக் கையை நீட்டினேன்.

"அது திரும்பக் கூடாதுங்க" என்றாள். "சபைல வெச்ச சீரு. புள்ளைக்கு ஆகாது."

நான் விடவில்லை. கட்டின சேலைக்குச் சட்டம் இருந்தால் வாசித்த பேஸுக்கும் அதே சட்டம்தானே, இதுவும் பழசுதானே என்று வக்கீல் மாதிரி கேட்டேன்.

"பழசாகப் பழசாகத்தான் மதிப்புன்னு நீங்கதானுங்க மைக்குல சொன்னீங்க."

செல்வி மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

தீர்ப்பைக் கோகிலாவே சொன்னாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். அவள் ஊட்டில் கரையான். நீளமாக ஒன்றை வைக்க இடமும் இல்லை. பொருள் தாரணியுடையது, அதில் மாற்றமில்லை. அது பத்திரமாக இருக்க வேண்டுமானால் தாய்மாமன் ஊட்டில்தான் இருக்க வேண்டும். "நீங்களும் எனக்கு ஒரு அண்ணன்னு வெச்சுக்கறனுங்க. உங்க ஊட்டுலயே இருக்கட்டும்." அவர்கள் சாதி சனம் என்ன, நான் யார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவன். அதைச் சொன்னேன். "அதனாலென்னங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தைக்கு ஒரு சளி மருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து நான் தாய்மாமன். பிறந்தநாளுக்குப் போக வேண்டும், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் போக வேண்டும், பொங்கலுக்குத் தட்டு எடுக்க வேண்டும். பழனியும் நானும் சேர்ந்துதான் எடுக்கிறோம். அத்தைக்கு ஒரு படி மேலே. வெள்ளக்கடைப் பக்கம் யாராவது தன் பொருளைத் தானே புகழ்ந்தால், "பாத்துங்க, மெடிக்கல்காரர் சீரா ஆயிரப்போகுது" என்கிறார்கள். எங்கள் ஊட்டுக்கு விருந்தாளி வந்து நான் ஒரு பேஸைக் கையில் எடுத்தாலே, "மைக்கை வாங்குங்க முதல்ல" என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது.

தாரணி இப்போது ஆறாம் வகுப்பு. பேஸ் கற்றுக்கொள்கிறாயா கண்ணு என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அவளுக்கு டிரம்ஸ்தான் பிடித்திருக்கிறதாம். ஆனால் உரிமையில் ஒரு நூல் விட்டுக்கொடுப்பதில்லை. ஒருமுறை அவளிடம் சொல்லாமல் ஜப்பானைக் கச்சேரிக்கு எடுத்துப்போய்விட்டேன். யார் காதிலோ விழுந்து, யாரோ சொல்லி, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதனால் இப்போதெல்லாம் போன் செய்து கேட்டுவிடுகிறேன். நேற்றும் கேட்டேன். மஞ்சக்குட்டையில் ஒரு கல்யாணம், எடுத்துக்கொள்ளட்டுமா என்று.

பின்னால் டி.வி. ஓடுகிற சத்தம் கேட்டது.

"எடுத்துக்குங்க மாமா. ஆனா வேலை முடிஞ்சதும் எடுத்த எடத்துலயே கொண்டாந்து வெச்சிரோணும்."

வைத்துவிடுகிறேன் என்றேன். என் ஊட்டில், என் கட்டிலுக்கு அடியில்.